எழுபத்துமூன்றாம் எண்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். முட்டை அவித்து நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். எட்டேகாலுக்குக் கோயில் அலுவலறையில் இருந்தான்.

அந்தப் பிரஸ்பிட்டேரியன் கோயிலுக்கு நூற்றைம்பது வயது. கட்டடத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி மூப்பர் கேட்டிருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குக் கைவேலை கொடுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவன் மறுக்கவில்லை. கட்டடத்தோடு இருப்பதில் ஒரு வசதி, அது ஆறுதல் சொல்லாது.

அன்றைக்கு டோக்கன்கள். கூரைக்குப் போக மிஞ்சிய ஈயத்தில் வார்த்து, ஒன்று முதல் நூற்றிருபது வரை எண் பொறித்தவை. சபைப் புத்தகத்தில் பெயருள்ளவருக்கு ஆளுக்கொரு எண். திருவிருந்துக்கு முந்தின நாள் மூப்பர் வீடுவீடாகக் கொடுப்பார். அதைத் தட்டில் போட்டால்தான் அப்பம்.

தகரப் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினான். நூற்றிருபது. மறுபடி எண்ணினான். நூற்றிருபதேதான்.

ஒன்று குறைய வேண்டும். எட்டு மாதத்துக்கு முன், திருவிருந்து நாளில், கோயில் வாசலில் சுருண்டு விழுந்தவளின் கைக்குள் எழுபத்துமூன்று இருந்தது. அந்த விரல்களைப் பிரிக்க அவனுக்கு மனம் வரவில்லை. யாரிடமும் மூச்சுவிடாமல் அவளோடு புதைத்துவிட்டான்.

இப்போது அது மேசைமேல் கிடந்தது. தொட்டான். மற்றவற்றைவிடச் சில்லென்றிருந்தது.

"என்ன தம்பி, கணக்கு இடிக்குதா?" மூப்பர் உள்ளே வந்தார்.

"எப்பவாவது ஒண்ணு குறைஞ்சிருக்கா, மூப்பரய்யா?"

"நம்ம சபையிலயா? ஆள் குறையும், டோக்கன் குறையாது. ஓட்டை ஈயத்தைக்கூட விடாத பரம்பரைப்பா நாம." சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டு மாசத்துக்கு முந்தி, போன திருவிருந்துல ஐம்பத்தாறு பேருக்குக் கொடுத்தேன். தட்டுல ஐம்பத்தேழு. வயசாயிடுச்சு, எண்ணத் தெரியலைன்னு விட்டுட்டேன்."

கதவருகே போய்த் திரும்பினார். "புத்தகத்துல அந்தப் பிள்ளை பேரு இன்னும் அப்படியே இருக்கு. நீயே அடிச்சிடுப்பா. ஞாயித்துக்கிழமை மறுபடி திருவிருந்து."

அவர் போனதும் புத்தகத்தைத் திறந்தான். அவள் பெயர்மேல் அளவுகோலை வைத்தான். ஒரே ஒரு கோடு. போட்டுவிட்டால் அவளுக்கு எண் கிடையாது. எண் இல்லாதவள் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

பேனா தாளைத் தொடவில்லை.

எட்டு மாதத்துக்கு முன், விழுவதற்குச் சற்று முன்பு, அதே வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவள் நிமிராமலே சொன்னாள்:

"நீங்க முன்னாடி போய் எனக்கும் இடம் பிடிங்க. தூணுக்குப் பின்னாடி மட்டும் வேணாம்."