ஃபிரிட்ஜின் முதுகு

1

இந்தக் கதை ஒரு மோசடியிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அப்பா பழைய வீட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். கம்ப்ரசர் போன ஃபிரிட்ஜ் வந்தால், கடை திறந்ததும் அதன் ஃப்ரீசரில் ஐஸ்கட்டிகளை அடுக்கிவிடுவோம். வருகிறவர் கதவைத் திறப்பார், கையை நீட்டுவார், “ஜில்லுன்னு இருக்கே” என்பார். நாங்களும் விற்க மனசே இல்லாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தனுப்புவோம். வாங்கிப்போன வீடுகளில் அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்று நான் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“அன்று மதியம் அவர் வீட்டில் எல்லாம் ஒரே மூச்சில் செத்துப்போயின, அப்போது அவர்…” வேண்டாம், இரங்கல் செய்தி போல இருக்கிறது.

“விதி அவர் வீட்டு ஒயருக்குள் புகுந்து…” இதுவும் வேண்டாம். விதி எதிர்த்துப் பேசாது என்பதற்காக அதன் தலையில் கட்டக் கூடாது. தப்பு அவருடையது.

அவர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். நாலாவது மாடியில் தனியாக இருக்கிறார். (அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. அது என் குறும்பு.) போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கதவை இடிக்க, மகள் வந்து நின்றாள்.

“இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா பேச்சே கிடையாதுப்பா. வீட்டக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடணும்.”

“சரிம்மா.”

கையோடு முழு வீட்டுக்குமாக ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். அது ராப்பகலாக உறுமியது. லிஃப்ட் மோட்டாரின் அதே உறுமல். தனக்கு ஓய்வு கொடுத்தார்கள், காதுக்குக் கொடுக்கவில்லையே என்று, ஒருநாள் அதன் விசையைத் தள்ளி, மின்சாரத்தை நேராக வீட்டுக்குள் விட்டார். இரண்டு வாரம் நிம்மதியான தூக்கம். புதன்கிழமை மதியம் தாறுமாறாக ஏறிய மின்சாரம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஃபேன் என்று ஓடிக்கொண்டிருந்த அத்தனையையும் கொண்டுபோய்விட்டது. சும்மா இருந்த மிக்சி மட்டும் பிழைத்தது.

3

மெக்கானிக் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கழற்றி முகர்ந்து பார்த்தான்.

“பெரியவரே, ஒண்ணையாவது எனக்காக மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?”

“எப்ப சரியாகும்?”

“பார்ட்ஸ் வரணும். பத்து நாள்.”

“சனிக்கிழமை பொண்ணு வர்றா.”

“வரட்டுமே. கரண்ட் பண்ண வேலைன்னு சொல்லுங்க.”

அவர் ஸ்டெபிலைசரைப் பார்த்தார். அவனும் பார்த்தான். விசை இருந்த நிலையைப் பார்த்ததும் “ஓ” என்றான்.

(இந்த மெக்கானிக்கை உத்தமனாக்கி, இரவல் ஃபிரிட்ஜ் ஒன்றைத் தூக்கிவர வைக்கலாமா என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

4

வேறு வழி தெரியாமல் எங்கள் கடை வித்தையை அவருக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை இரண்டு பை ஐஸ் வாங்கி, நாலு மாடி ஏறினார். ஃப்ரீசரில் அடுக்கினார். பிறகுதான் கவனித்தார்: படியெல்லாம் சொட்டு. துணியோடு மறுபடி இறங்கி, ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டே ஏறினார். கையால் துவைத்த சட்டைகளை ஈரத்தோடு மெஷினுக்குள் போட்டார். டிவிமேல் போர்வை விரித்தார்.

அந்தப் படிகளை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் பொருளை விற்கத்தான் ஏமாற்றினோம். அவர் தன் வீட்டில் இருந்துகொள்ள ஏமாற்றுகிறார்.

5

“ஃபேன் போடலையாப்பா?”

“குளிருதும்மா.”

“நெத்தியெல்லாம் வேர்வை. குளிருதாம்!”

“கடைக்குப் போயிட்டுப் படியேறினேன்ல.”

அவள் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். “ஜில்லுன்னு இருக்குப்பா.”

அவர் மூச்சு விட்டார். நானும்.

பாட்டிலை மூடியவள் அப்படியே நின்றாள். “என்னப்பா, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு?”

6

எங்கள் கடையில் ஏமாறாத ஒரே ஆள் ஒரு பெண். அவர் கதவைத் திறக்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் உள்ளங்கையை வைத்தார். உயிருள்ள ஃபிரிட்ஜுக்கு முதுகு சுடும். அது சுடவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு முடிவில் மகள் முதுகைத் தொடுகிறாள், அவர் துணிமணியை அடுக்கப் பெட்டியை எடுக்கிறாள். இன்னொன்றில் தொட்டும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறாள், அடுத்த சனிக்கிழமை அவளே ஐஸ் வாங்கி… இனிப்பு அதிகம். மூன்றாவதில் தொடாமலே சந்தோஷமாகக் கிளம்பிப் போகிறாள். அவர் தன் வீட்டிலேயே இருக்கிறார், இன்னொரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு…

எந்த வாக்கியத்தையும் முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் ஐஸ் அடுக்கிய கை.

அவள் கை இப்போது ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் இருக்கிறது. முதுகுக்கு ஒரு சாண் தூரம். கதவடியில் முதல் சொட்டு விழுந்துவிட்டது; அதன்மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டு அவர் நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறார்.

அவள் கையை எங்கே வைக்கிறீர்கள்?