கை வெச்சிருக்கேன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கேக் படத்திலிருந்து வந்தது. யாரோ போனில் அனுப்பிய படம். இதனால் ஒருவன் செத்துப்போகலாம் என்று தோன்றியது. அப்புறம் மனசு கேட்காமல், சாவை இரண்டு விரல்களாகக் குறைத்துக்கொண்டேன்.

இதுவரை வெறும் குறிப்புப் பக்கத்தில்தான் எழுதிவந்தேன். இப்போது கதை எழுதுவதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறேன். அது கட்டம் கட்டமாகக் கேள்வி கேட்கிறது. முதல் கேள்வி: நாயகிக்கு என்ன வேண்டும்?

2

அக்காவுக்கும் ஒரு மென்பொருள்தான் வேண்டும்.

தம்பி எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர். அவன் வயரோடு மல்லுக்கட்ட, ஆள் அனுப்புவது, பில் போடுவது எல்லாம் அக்கா. ஊர் உலகமே வைத்திருக்கும் அதே போன் குரூப்பும் எக்ஸெல் ஷீட்டும்தான் அவர்களிடமும் இருந்தன. லைனில் வேலை செய்யப் போகிறவன் குரூப்பில் 'கை வெச்சிருக்கேன்' என்று போடுவான். முடிந்ததும் 'கை எடுத்துட்டேன்'. நடுவில் யாரும் மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது. அது ஒருநாளும் பிசகியதில்லை.

[அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டு — வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.]

அன்று தம்பியின் பிறந்தநாள். மூன்றாம் மாடியில் பேனலைத் திறந்தவன் வழக்கம்போல் குரூப்பில் போட்டான். அதே நேரத்தில் அக்கா அவனுக்கு வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் போட்டதுதான் தாமதம், ஆளாளுக்குப் பூ, பலூன், கேக் என்று வந்து விழுந்தன. அவன் செய்தி மேலே போய் மறைந்துவிட்டது. கீழே நின்ற பெரிய வயர்மேன் தன் பங்குக்கு ஒரு கேக் படம் போட்டுவிட்டு, மெயினை ஆன் செய்தார்.

'கை எடுத்துட்டேன்' வரவேயில்லை.

3

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: மெயினுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாமே என்று வேலை தெரிந்த நண்பர் கேட்டார். போட்டிருக்கலாம். எனக்குக் கதை இருந்திருக்காது, அவனுக்கு விரல்கள் இருந்திருக்கும்.)

4

மென்பொருள் விற்க வந்தவனை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல பையன்.

"உங்க தொழிலுக்குன்னே பண்ணதுங்க. மெயினை ஆன் பண்றதுக்கு முன்னாடி எல்லாரும் டிக் போட்டே ஆகணும்."

"பாக்காமலே போட்டுட்டா?" என்றாள் அக்கா.

"அதுக்கு நாங்க என்னங்க பண்ண முடியும்?"

"இதுல வாழ்த்து கீழ்த்து எல்லாம் போட முடியுமா?"

"முடியாதுங்க. வேலை விஷயம் மட்டும்தான்."

"அப்ப இதுவே போதும்."

பாதுகாப்புக்காக என்று எல்லாரிடமும் சொன்னாள். பொய்யில்லை. ஆனால் அந்தக் குரூப்பைத் திறந்தாலே அவள் தான் போட்ட வாழ்த்தைத் தேடி மேலே போனாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

5

தம்பி கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். பாதி சட்டையில்.

"குரூப்பை அழிக்கப் போறியாமேக்கா?"

"ஆமாண்டா. இனிமே அந்தக் கருமம் வேணாம்."

"அடுத்த பொறந்தநாளுக்கு எனக்கு எதுல வாழ்த்து போடுவே?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேலிக்குக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்டான்.

6

முதல் முடிவு: புது மென்பொருளே வருகிறது. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் பழகிப்போய், பஸ்ஸில் வரும்போதே டிக் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் முடிவு: குரூப்பே இருக்கிறது. யாரும் யாரையும் வாழ்த்துவதில்லை. வேலைச் செய்தி மட்டும் வருகிறது, எழவு வீட்டில் பேசுகிற மாதிரி.

மூன்றாம் முடிவு: அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க பாருடா, உன் பக்கத்துல வந்து

எழுத வரவில்லை. அவள் என்ன சொன்னாலும் விரல் முளைக்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் என் மென்பொருள் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது: 'முடிவு எழுதியாகிவிட்டதா?' டிக் போட்டால்தான் கதை வெளியே போகும். நான் பார்க்காமலே போட்டுவிட்டேன். அறைக்குள் ஒருத்தி இன்னும் அழுகிறாள், ஒருவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். நீங்களாவது பார்த்துவிட்டு மூடுங்கள்.