ஓரத்துச் சிவப்பு

அன்று காலை பதினொன்றரைக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ஓட்டல் முதலாளி மாரப்பன், கம்பைநல்லூரிலிருந்து வந்திருந்த தேவிப்பிரியா, அவளுடைய அண்ணன் அறிவழகன், ஜன்னலோர மேசையில் இரண்டு லாரி டிரைவர்கள், நான். தேவிப்பிரியாவின் கணவன் அன்பு செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவனும் அங்கே இருந்திருக்க வேண்டியவன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சுவரில் இருந்த படம் எட்டடி அகலம். தொப்பூர்க் கணவாய், ஐப்பசி மாத விடியல். மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போய்க் கடைசி மலை வானத்தில் கரைந்துவிடும். பள்ளம் முழுக்கப் பனி. பனிக்கு நடுவே, வலது பக்கம் கீழே, ஒரே ஒரு வெள்ளிப் பொட்டு. பார்க்கிறவர் கண் முதலில் அதில் இறங்கும். பிறகு மலை மலையாக ஏறிப் போகும். அந்தப் பொட்டு இல்லையென்றால் அது வெறும் காலண்டர்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் நாலு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டேன். வேலை போனது, தூக்கம் திரும்பி வரவில்லை. விழித்துக் கிடப்பதற்குப் பதில் கேமராவோடு மலைக்குப் போக ஆரம்பித்தேன். ஓட்டலில் டீ குடிக்கப் போகும்போது பழக்கமான மாரப்பன் சுவருக்கு ஒரு படம் கேட்டார். முதலில் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "என்னாப்பா பூவரசா, மலையப் படுக்க வெச்சு எடுத்துருக்க. இதப் பாத்தா சாப்புட வர்றவன் தூங்கிருவான்" என்றார். உண்மைதான். உச்சி வெயிலில் எடுத்திருந்தேன். நிழல் இல்லாத மலை அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி இருந்தது.

வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வெளிச்சம் பக்கவாட்டில் வரவேண்டும். தூரத்தைக் காட்டப் பனி வேண்டும். கண் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். கண்ணை வெளியே இழுக்கிற எதுவும் ஓரத்தில் இருக்கக் கூடாது. எதிர்மலைப் பாறையில் இருபத்துமூன்று விடியல்கள் நின்றேன். பனியும் வெளிச்சமும் கிடைத்தன. கண் பிடித்துக்கொள்ள மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இருபத்துநாலாவது நாள் மழை விட்டிருந்தது. ரோடே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து லாரிகளின் பிரேக் காற்று மட்டும் மூச்சு விடுவதுபோல் வந்துகொண்டிருந்தது. நான் நின்றிருந்தேனா மிதந்தேனா என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஆறு மணிக்கு மேல் பனி ஓரிடத்தில் விலகி, ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிப் பள்ளத்தில் ஏதோ மின்னியது. பாறைக்குழியில் தேங்கிய மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். அது சரியான இடத்தில் விழுவதற்காக கேமரா முக்காலியை இரண்டடி நகர்த்தினேன். வெளிச்சம் பழுக்க அரைமணி நேரம் காத்திருந்தேன். நகர்ந்துவிடாதே என்று அதனிடம் சொன்னதாக ஞாபகம்.

ஆறு முப்பத்தொன்றுக்கு வெயில் பனிக்குள் சாய்வாக இறங்கியது. எடுத்தேன். வீட்டுக்குப் போய், வருடக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினேன். எட்டு மணிக்கு மேல்தான் பள்ளத்தில் விழுந்த தேங்காய் நார் லாரியைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் செய்தி படித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. தொப்பூரில் லாரி விழுவது புதுச் செய்தி இல்லை.

போன வாரம் ஒரு டிரைவர் கை கழுவிவிட்டு வந்து, ஈர விரலால் அந்தப் பொட்டைத் தொட்டு, இது தண்ணீர் இல்லை, அன்பு வண்டியின் முன்கண்ணாடி என்று சொல்லியிருக்கிறார். பேச்சு கம்பைநல்லூர் வரைக்கும் போய்விட்டது. அவர்கள் வருகிறார்கள் என்று மாரப்பன் போன் செய்த அன்று மதியம், அந்த விடியலில் எடுத்த முப்பத்தாறு படங்களையும் போனில் ஏற்றி, திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன்.

அச்சடிக்கும்போது வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை வெட்டியிருந்தேன். புதரில் மாட்டிய பிளாஸ்டிக் பை என்று நினைத்து வெட்டியது. ஆறு நாலுக்கு எடுத்த முதல் படத்தில் அந்தச் சிவப்பு, பொட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆறு பத்தொன்பதில் ரோட்டுப் பக்கமாக ஒரு விரற்கடை மேலே. ஆறு முப்பத்தொன்றில் இன்னும் கொஞ்சம் மேலே, ஓரத்தில். அதற்குப் பிறகு எடுத்த ஐந்து படங்களிலும் அதே இடம்.

தேவிப்பிரியா அழவில்லை. படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, விழுந்த உடனேயே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அறிவழகன் என்னிடம் இரண்டு தடவை சொன்னான். அந்த ஒரு வார்த்தையில்தான் தங்கச்சி இத்தனை நாள் சாப்பிடுகிறாள் என்றான். நான் தலையை ஆட்டினேன்.

"அழகாத்தான் இருக்குது" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

மாரப்பனுக்கு மௌனம் தாங்காது. "ஒரிஜினல் இன்னும் அகலம்மா. ஓரத்துல கண்ண உறுத்துறதயெல்லாம் தம்பி வெட்டிட்டாப்ல. அதுலதான் வேலையே இருக்குது."

அவள் திரும்பினாள். "என்னாங்க வெட்டுனீங்க?"

புதர் என்று சொல்லியிருக்கலாம். பாறை என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் அங்கே இருந்தன. ஜன்னலோரத்தில் டிரைவர்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தார்கள்.

"ஒரு சிவப்புங்க."

"அவரு துண்டா?"

"தெரியலைங்க. துணி மாதிரி."

அறிவழகன் அவள் முழங்கையைப் பிடித்தான். "பிரியா, வா போலாம். பஸ்ஸுக்கு நேரமாவுது."

"இருண்ணா." அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "போன்ல இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ஒரு படந்தானா?"

"முப்பத்தாறு."

அந்த எண்ணை அவள் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எடுத்த நேரம் போட்டுருக்குமா?"

"ஒவ்வொண்ணுலயும் இருக்கும்ங்க."

வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் போனை எடுத்தேன். அதற்குத் தைரியம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மாரப்பன் கல்லாவுக்குப் போய், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு இன்னொரு சுவிட்சைத் தேடினார்.

"மொதப் படத்துல வெச்சுக் குடுங்க" என்றாள். "வரிசையாப் பாக்கறேன்."

ஆறு நாலில் வைத்துக் கொடுத்தேன். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். பெரிதாக்குவது எப்படி என்பதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் விரல்கள் தாமாகவே திரைமேல் விரிந்தன. உடனே மூடிக்கொண்டன.

கூடத்தின் கோடியில் குடும்பத்தோடு வருபவர்களுக்காக ஒரு சின்ன அறை உண்டு. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அங்கே நடந்தாள். செருப்பு படத்தின் கீழேயே கிடந்தது. அறிவழகன் பின்னால் போனான். அவள் வாசலில் நின்று தலையை மட்டும் அசைத்தாள். அவன் நின்றுவிட்டான்.

ஜன்னல் வெயில் அப்போதுதான் படத்தின் கண்ணாடியில் ஏறியது. மலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பனி மறைந்தது. கடைசியில் வெள்ளிப் பொட்டும் போய், எட்டடிக்கும் வெறும் வெளிச்சம். அதில் எங்கள் உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன.

அறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.