மடித்து முடிக்கும் வரை

மாலை ஆறு பத்துக்குக் கொடி இறங்கும். ஐந்து நாற்பத்தெட்டுக்கு எங்கள் கார் ராணுவ முகாமின் வாசலில் நின்றது. என் கணவரின் சட்டைப்பையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. இருபத்தாறு வருடமாக முடி வெட்டுகிறவர். செருப்பை மறந்தாலும் மறப்பார், கத்தரிக்கோலை மறக்கமாட்டார். வாசலில் சோதனை போட்ட சிப்பாய் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு தடித்த நோட்டோடு வந்தார்.

"இது எதுக்கு சார்?"

"முடி வெட்றதுக்குங்க."

"இங்க யாருக்கு வெட்டப் போறீங்க?"

"யாருக்கும் இல்லீங்க. அது பாட்டுக்கு பையில கிடக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதினேழு வருடத்தில் ஒரு நாள் கூட நேரம் தவறி வண்டியை எடுத்ததில்லை. இன்றைக்குப் பார்த்தா இந்த மனுஷன் இப்படிச் செய்ய வேண்டும்? கத்தரிக்கோலின் நீளத்தை அளந்து நோட்டில் எழுதினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். நான் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். கோபம் பாதி, சந்தோஷம் பாதி. எது எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் மகள் இன்று கொடி இறக்குகிறாள். முதல் தடவை. நாளை மறுநாள் அவளை இங்கிருந்து எங்கோ தொலைவுக்கு அனுப்புகிறார்கள், அதனால் இங்கே இதுதான் கடைசித் தடவையும். ராணுவத்தில் சேரப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று நான் பேசியதை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு அவர் மட்டும்தான் போனார். நான் விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். விடுப்பே கேட்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை வருடமாக அவள் அப்பாவோடு பேசுவாள், நான் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். போன வாரம் அவளே என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"இந்தத் தடவை கயிறு என் கையிலம்மா. வந்து பாரேன்" என்றாள். அவ்வளவுதான். தலையை மட்டும் ஆட்டினேன். போனில் தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர்தான் போனை வாங்கி, "வர்றாளாம்" என்றார்.

பார்வையாளர்களுக்கான விதிகள் என்று ஒரு தாளை அவள் அனுப்பியிருந்தாள். அதை அவர் தேர்வுக்குப் படிப்பதைப் போலப் படித்தார். நான்கு நாள் கூடத்தில் ஒத்திகை. இசை கேட்டதும் நிற்க வேண்டும். கொடி இருக்கும் பக்கம் திரும்ப வேண்டும். வலது கை நெஞ்சில். பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வண்டியில் இருந்தால் ஓரமாக நிறுத்தி இறங்க வேண்டும். சோபாவை வண்டியாக வைத்துக்கொண்டு இறங்கி இறங்கிப் பழகினோம். நான் சிரித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்.

வாசலை விட்டபோது ஆறு ஐந்து. உள்ளே இருபதுக்கு மேல் ஓட்டக் கூடாதாம். பேருந்து ஓட்டுகிறவளை இருபதில் போகச் சொல்வதை விடப் பெரிய தண்டனை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் கட்டடங்கள், சுண்ணாம்பு அடித்த கற்கள். ஒரு பெரிய கிடங்கைத் தாண்டி வளைந்தால் மைதானம் என்று பலகை காட்டியது. கிடங்கின் கூரைக்கு மேல் கம்பத்தின் உச்சியும் கொடியும் தெரிந்தன. "அதோ, அதோ பாருங்க" என்றேன். அப்போதுதான் ஊதுகுழல் ஒலித்தது.

"நிறுத்து" என்றார்.

"வளைவுதாங்க. அரை நிமிஷம். யாரும் பாக்கல."

"நிறுத்தும்மா. பாஸ் அவ பேர்ல இருக்கு. நாம தப்பு பண்ணா அவளத்தான் கேப்பாங்க."

என் கால் பிரேக்கில் விழுந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறங்கி, திரும்பி, நெஞ்சில் கை வைத்தேன். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் ஒரு கிடங்கு. ஓடிக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். கொடி இறங்க ஆரம்பித்தது. குலுங்கல் இல்லை, தயக்கம் இல்லை, அவ்வளவு சீராக இறங்கியது. வீட்டில் ஜன்னல் திரையைக் கூட ஒழுங்காக இழுக்காதவள் அவள். அவள் கையா இது? ஆமாம், அவள் கைதான். ஆள் தெரியாமல் கை மட்டும் தெரிகிற மாதிரி இருந்தது. கொடி கூரைக்குப் பின்னால் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் இசையும் நின்றது.

ஓடியவர் மறுபடி ஓடினார். புல் வெட்டும் இயந்திரம் உறுமியது. நான் கையை எடுக்கப் போனேன்.

"அசையாத" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார் அவர். "கொடிய மடிச்சு முடிக்கற வரைக்கும் நிக்கணும்னு போட்டிருக்கு."

"மடிச்சாச்சான்னு இங்கிருந்து எப்படிங்க தெரியும்?"

"தெரியாது. அதான் நிக்கறோம்."

அது மைதானத்தில் நிற்கிறவர்களுக்கான விதி, சாலையில் இருப்பவர்கள் இசை நின்றதும் போகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரியாது. எங்கள் வண்டி பாதையை அடைத்திருந்தது. பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு ஜீப். இசை நின்றதும் ஏறி உட்கார்ந்துவிட்ட லாரி டிரைவர் எங்களையே பார்த்தார். நெஞ்சில் கை வைத்து நிற்கிறவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்க யாருக்கு மனம் வரும்? அவரும் மறுபடி இறங்கி விறைப்பாக நின்றார். அவரைப் பார்த்து ஜீப்பிலிருந்தவர்களும் இறங்கினார்கள். ஒரு சின்ன ஊர்வலமே எங்களுக்குப் பின்னால் நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வளைவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக. முதலில் வந்தவர் மடித்த கொடியை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். கடைசியில் அவள்.

அந்தச் சீருடையில் அவளை நான் பார்த்ததே இல்லை. வளர்ந்திருந்தாளா, அல்லது நிமிர்ந்து நடந்ததால் அப்படித் தெரிந்ததா? வெள்ளைக் கையுறையில் கயிறு உரசிய அழுக்குக் கோடு. என்னை ஒரு கை தூரத்தில் கடந்தாள். கண் நேராக இருந்தது. கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. என் உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சு அடித்த அடி அவளுக்கே கேட்டிருக்கும் என்று தோன்றியது. அவள் கண் இமைக்கவில்லை. தாடை மட்டும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது.

சாலையின் மறுபக்கம் கொடியை வைக்கும் காவல் அறை. இரண்டு பேர் உள்ளே போனார்கள். அவள் கதவைச் சாத்துவதற்காகத் திரும்பினாள். கதவு பாதி வரை வந்து நின்றது, அந்த இடைவெளியில் அவள் கண் என் மேல் இருந்தது. கைப்பிடியில் அந்த வெள்ளைக் கையுறை அப்படியே இருந்தது.