மூன்றாம் பாட்டின் கண்ணீர்

சுவரொட்டியில் புஷ்பராணியின் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர்க் குயில் பாடுகிறார்’. அதற்கும் கீழே, தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும் என்கிற மாதிரி, ‘கர்த்தருக்கே மகிமை’. 1983 அக்டோபரில் ஜார்ஜ்டவுனில் பாசார்ப் பக்கம் போனாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், அந்த முகத்திடமிருந்து தப்பிக்க முடியவில்லை. தொலைபேசி நிலையத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி நோர்மா, ஒன்றைக் கிழியாமல் உரித்தெடுத்து வந்து சுவரில் ஒட்டினாள்.

“நீ ஸ்டார் ஆயிட்ட லா, ராணி. இனிமே எங்களோட உக்காந்து பசியாறுவியா?”

புஷ்பராணி சிரித்து வைத்தாள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுப்பது பதினாறு வருட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் பாடகர் குழுவை நடத்துவாள். கணவன் சற்குணம் துறைமுகத்தில் குமாஸ்தா. அதே குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஈஸ்டருக்காக அவள் ஒரு பாட்டு எழுதினாள். ‘அலைமேல் நின்றவரே, என் அறைக்குள் வாருமே’ என்று தொடங்கும். யாரோ அதை டேப்பில் பிடித்தார்கள். அது கைமாறிக் கைமாறிக் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தது. அங்கே கேசட் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த ஞானராஜ் தம்பு, அடுத்த ரயிலிலேயே ஏறிப் பட்டர்வொர்த்தில் வந்து இறங்கிவிட்டார்.

“இது உங்க சபைக்குள்ள மட்டும் இருக்கவேண்டிய குரல் இல்லம்மா,” என்றார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

கேசட் வந்தது. ஆறே மாதத்தில் டாக்சிகளிலும் மளிகைக் கடைகளிலும் அவள் குரல் கேட்டது. வெளியூர்க்காரர்கள் அவளைப் பார்க்கவென்றே ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள். பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். முன்பெல்லாம் அவள் முதல் அடியை எடுத்தால் சபை முழுவதும் பின்னாலேயே ஏறி வரும். இப்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவள் கவனிக்காமல் இல்லை. ஆனால் கைதட்டல் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு ஜூலை மாதக் கலவரம். அவளுடைய அக்கா யோகம்மா கொழும்பில் கணவனோடு இருந்தாள். ஒன்பது நாள் அக்காவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கிறவள், வேலை நேரத்தின் இடைவெளிகளிலெல்லாம் கொழும்புக்கு முயன்று முயன்று பார்த்தாள். மணி அடிக்கும், எடுக்க ஆளிருக்காது. பத்தாம் நாள், ஈப்போவில் நிகழ்ச்சி. மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால் சற்குணம் ஓடி வந்தான்.

“நோர்மா போன் பண்ணா. யோகம்மா அக்கா லைன்ல வந்தாங்களாம். ஒரு பள்ளிக்கூடத்துல, அகதிங்களோட இருக்காங்க. உசுரோட இருக்காங்க ராணி!”

அன்று மூன்றாவதாக அந்தப் பாட்டு. இரண்டாம் சரணம் இப்படி வரும்: ‘அழைத்தும் எட்டாத ஊரிலே நீர் இருந்தீரே, எனக்கு முன்னே அங்கே போய் நின்றீரே.’ தொலைபேசி மேசையில் உட்கார்ந்து எப்போதோ எழுதிய வரி அது. அந்த இடத்தில் அவளால் தாங்க முடியவில்லை. குரல் உடைந்து, கண்ணீர் கழுத்து வரைக்கும் வழிந்தது. மண்டபமே சேர்ந்து அழுதது.

திரும்பி வரும்போது காடியை ஓட்டிக்கொண்டே தம்பு சொன்னார். “பாத்தீங்களா, மக்கள் எப்படி உடைஞ்சாங்கன்னு? அதை விட்டுடக்கூடாதும்மா. மூணாம் பாட்டு, ரெண்டாம் சரணம். அங்கதான்.”

அடுத்தது கிள்ளான். அங்கே அதே சரணம் வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அக்காவின் அந்த ஒன்பது நாளை வலிய நினைத்துப் பார்த்தாள். துணியைப் பிழிவதுபோல் பிழிந்தும் ஒரு சொட்டு வரவில்லை. கடைசியில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, உலர்ந்த கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். குரலை வேண்டுமென்றே ஒரு இடத்தில் உடைத்தாள். ஈப்போவைவிட அதிகம் பேர் அழுதார்கள். கூட்டம் முடிந்து எத்தனையோ பேர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. சற்குணத்திடம்கூட அவள் எதுவும் சொல்லவில்லை.

இப்போது சொந்த ஊரில் நிகழ்ச்சி. மெக்காலிஸ்டர் சாலையில் ஒரு பெரிய மண்டபம், ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. ஒரு மணிக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துவிட்டார்கள். பாலிக் புலாவிலிருந்து பஸ், பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் பெர்ரி பெர்ரியாக ஆட்கள். தம்பு வெள்ளைப் பட்டுச் சேலை ஒன்று கொண்டுவந்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து கீபோர்டுக்காரன், டிரம்ஸ்காரன். உள்ளூர்ப் பாடகர் குழு பின்னால் வரிசையாக நிற்க வேண்டும்.

“குழுவுக்கு மைக் எங்கண்ணே?” என்று சற்குணம் கேட்டான்.

“கோரஸ் டேப்புல ஓடும் தம்பி. நீங்க வாயை அசைச்சா போதும். பாக்க அழகா இருக்கணும், அவ்வளவுதான்.”

சற்குணம் மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். “இருவது வருஷமா பாடுறேன். இன்னிக்குத்தான் ரெஸ்ட்டு.”

அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை. காற்று வாங்கலாம் என்று பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான உடம்பு, ரப்பர்ப் பால்கறை படிந்த விரல்கள், கசங்கிய நீலச் சேலை. சுவரொட்டி முகத்தை நேரில் கண்டதும் எழுந்து நின்றாள்.

“நான் ருக்குமணி, அக்கா. தாசேக் கெலுகோர் பக்கம், தோட்டத்துல பால்மரம் வெட்டுறேன்.”

“சொல்லுங்க. உள்ள எடம் கெடைக்கலையா?”

“எடம் இருக்கு. உங்களைப் பாத்து ஒண்ணு சொல்லணும்னு நின்னேன். எம்மக போயிட்டா. ஏழு வயசு. காச்சல். மூணு மாசம் ஆச்சு.” குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “எனக்கு இன்னும் அழுகையே வரலக்கா. ஊரே பேசுது, இவ என்ன தாயின்னு. நீங்க அழுதா கல்லும் அழுவும்னு சொன்னாங்க. அதான் வந்தேன். நீங்க அழறப்போ நானும் அழுதுடுவேன்ல?”

புஷ்பராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தம்பு கூப்பிட்டார்.

முதல் பாட்டுக்கு ஆரவாரம். இரண்டாம் பாட்டுக்கு அதைவிட அதிகம். ஒவ்வொரு முறையும் பின்னால் டேப் கோரஸ் தேனாக ஒழுக, குழுவினர் மீன்களைப் போல வாயை அசைத்தார்கள். மூன்றாம் பாட்டின் முதல் சரணம் முடிந்தது. விளக்குக்காரன் சொல்லிவைத்தபடி வெளிச்சத்தை நீலமாக மாற்றினான். அங்கங்கே கைக்குட்டைகள் தயாராக வெளியே வருவதை அவள் பார்த்தாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ருக்குமணி கழுத்தை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கணம், செய்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நடிப்புக் கண்ணீர் அந்தத் தாய்க்கு நிஜக் கண்ணீரைக் கொடுத்தால் அதில் என்ன தப்பு? சேலைத் தலைப்பு கைக்கு வந்தது. முகம் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. செத்த பிள்ளைக்காக வந்து நிற்கிற ஒருத்தியின் முன்னால், உலர்ந்த கண்ணைத் துடைத்துக் காட்டப் போகிறோம் என்ற நினைப்பு அப்போதுதான் முழுதாக உறைத்தது. தலைப்பை விட்டாள். பாட்டையும் நிறுத்தினாள்.

“டேப்பை நிறுத்துங்க,” என்றாள் மைக்கில்.

டேப் நின்றது. கீபோர்டுக்காரன் இரண்டு விரலை மட்டும் ஓட்டிவிட்டு அவனும் நிறுத்தினான்.

“நான் ஒண்ணு சொல்லணும். ஈப்போவுல இந்த எடத்துல நான் அழுதேன். அது உண்மை. எங்கக்கா கொழும்புல உசுரோட இருக்காங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சு. கிள்ளான்ல அழலை. அழற மாதிரி நடிச்சேன். சாமி பாட்டுல நடிச்சேன். கிள்ளான்லேருந்து யாராச்சும் வந்திருந்தா, என்னை மன்னிச்சிடுங்க.” மூச்சு வாங்கினாள். “இன்னிக்கும் எனக்கு அழுகை வரலை. வராத அழுகைய நான் காட்ட மாட்டேன். இந்தப் பாட்டு உங்க எல்லாருக்கும் தெரியும். என்னை விட்டுட்டு நீங்க பாடுங்க.”

திரைக்குப் பக்கத்தில் தம்பு இரண்டு கையையும் ஆட்டினார். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து போகலாமா என்று யோசிப்பதுபோல் பாதி எழுந்து நின்றார். யாரும் பாடவில்லை. அரை நிமிடம் இருக்கும். அவள் வாழ்நாளிலேயே நீளமான அரை நிமிடம் அதுதான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கரகரத்த குரல், தாழ்ந்த குரல். தாளமும் இல்லை, சுருதியும் இல்லை. ‘அழைத்தும் எட்டாத ஊரிலே...’ தலைகள் திரும்பின. ருக்குமணி தூணைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

புஷ்பராணிக்கு அந்தக் குரலின் இடம் உடனே பிடிபட்டது. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. கேசட்டில் அந்தப் பாட்டு ஐந்தரைக் கட்டை. உச்சத்தில் நின்றால்தான் ஜனங்கள் வாய் பிளந்து கேட்பார்கள் என்று தம்பு ஏற்றி வைத்தது. அந்த உயரத்தில் யாரால் பாட முடியும்? இத்தனை நாளாக எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவளும்தான் காரணம்.

“ரெண்டு கட்டைக்கு எறக்குங்க,” என்றாள் கீபோர்டுக்காரனிடம்.

“அக்கா, உங்களுக்கு ரொம்பக் கீழ போயிடும்.”

“அந்தம்மா அங்கதான் நிக்கிறாங்க. எறக்குங்க.”

அவன் தடவித் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்தான். புஷ்பராணி மைக்கை அதன் கம்பத்தில் மாட்டிவிட்டுப் படியிறங்கி ஜனங்களுக்குள் வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த குரல் எழுந்தது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. சற்குணம் வாயசைப்பதை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பித்திருந்தான். அவனோடு முழுக்குழுவும். அடுத்து நடு வரிசைகள். ஆண்கள் கீழே, பெண்கள் மேலே, பிள்ளைகள் கத்தலாக. பாதி எழுந்து நின்ற பெரியவர் முழுதாக எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார். பல்லவி வந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ‘அலைமேல் நின்றவரே, என் அறைக்குள் வாருமே!’ ஆயிரம் பேர் கேட்டால் வராமலா போவார்?

மூன்று முறை திரும்பத் திரும்பப் பாடினார்கள். யாரும் நிறுத்தத் தயாராக இல்லை. புஷ்பராணிக்குத் தன் குரல் தன் காதிலேயே விழவில்லை. அவள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். ஆனால் அது அந்தப் பெரிய சத்தத்துக்குள் எங்கோ கரைந்துபோயிருந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை எந்தக் கைதட்டலும் அவளுக்குத் தந்ததில்லை. பாட்டு முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. தட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுவரோரம் நின்ற ஒருவர் அடுத்த பாட்டை எடுத்தார், பழைய கீர்த்தனை. அதையும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் தம்பு அவளைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. “கண்ணீர்க் குயில்னு பேர் போட்டிருக்கேன் நான்! இனி யாரு கேசட் வாங்குவா?”

“உங்க மேல கோவம் இல்லண்ணே. ஈப்போவுல நடந்தது திரும்ப நடக்கணும்னு நீங்களும் ஆசப்பட்டீங்க, நானும் ஆசப்பட்டேன். அது நம்ம கையில இல்லன்னு இப்பத்தான் தெரியுது.”

இரண்டாவது கேசட் வரவே இல்லை. அதற்குப் பதிலாகக் கடிதங்கள் வந்தன. ‘உங்களைப் பாட அழைக்கவில்லை, எங்களைப் பாடவைக்க அழைக்கிறோம்’ என்று முதலில் எழுதியது பாலிக் புலாவில் ஒரு சின்னச் சபை. அடுத்த இரண்டு வருடத்தில் பதினொரு சபைகளுக்கு அவள் போய் வந்தாள், சற்குணத்தையும் ஒரு ஆர்மோனியத்தையும் கூட்டிக்கொண்டு. எந்தச் சுவரொட்டியிலும் அவள் முகம் இல்லை.

அன்று மாலை நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அக்கரைக்குப் போகிறவர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து பெர்ரி நிற்கும் ஜெட்டிக்கு நடந்தார்கள். வழியனுப்பலாம் என்று கூடப் போன புஷ்பராணி, பேச்சு மும்முரத்தில் பெர்ரியிலேயே ஏறிவிட்டாள். சற்குணம் ஓடி வந்து கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டான். வெயில் தணிந்து கடல் செம்பு நிறமாகியிருந்தது. ருக்குமணி கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். கண் உலர்ந்தேதான் இருந்தது.

“அழுகை வரலக்கா,” என்றாள்.

புஷ்பராணி அவள் தோளைத் தொட்டாள்.

“ஆனா பசிக்குது. மூணு மாசமா பசின்னா என்னான்னே தெரியல. இப்ப ரொம்பப் பசிக்குது.” சொல்லிவிட்டு வெட்கப்பட்டவள்போல் சிரித்தாள்.

சற்குணம் பையிலிருந்த நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். அவள் அங்கேயே நின்றுகொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு அவளே பாட்டைத் தொடங்கினாள், தனக்கு வசதியான இடத்தில். நூறு பேரும் கூடச் சேர்ந்தார்கள். கடைத்தெருவிலிருந்து வீடு திரும்பும் சீனரும் மலாய்க்காரரும் பெஞ்சுகளில் திரும்பி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு மலாய்க் கிழவர் தொடையில் தாளம் போட்டார்.

பெர்ரி பட்டர்வொர்த்தில் போய் இடித்து நின்றது. பாட்டு அப்போதுதான் இரண்டாம் சரணத்துக்கு வந்திருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. சங்கிலியை அவிழ்த்த ஊழியன், “சுடா சம்பாய் லா! வந்தாச்சு, எறங்குங்க!” என்று இரண்டு பாஷையிலும் கத்திப் பார்த்தான். பிறகு சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு, சரணம் முடிகிறவரைக்கும் நின்றான்.