கூலிக்கு வந்த ரசிகன்

ஆல்டர்சைக் சந்தையில் மீன் கடை வைத்திருந்த, ஊரே பெவ் என்று கூப்பிடும் பெவர்லி ஓல்ட்ராய்டுக்கு யாரையும் எடுத்த எடுப்பில் நம்பும் வழக்கம் கிடையாது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலத்தான் மனிதர்களையும் பார்ப்பாள். ஃபிலிப்பா ஸ்ட்ரேக் என்ற பெண் ஊர்க் கால்பந்துக் கிளப்புக்கு வணிக இயக்குநராக வந்து சேர்ந்ததிலிருந்து பெவ்வின் சந்தேகத்துக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று.

முதலில் ஜெர்சியின் மார்பில் இருந்த ஊர் பேக்கரியின் பெயர் போய், எங்கோ ஆசியாவில் நடக்கும் ஒரு சூதாட்டக் கம்பெனியின் பெயர் வந்தது. பிறகு கிளப்பின் இணையப் பக்கத்தில் இந்தோனேசிய மொழி முளைத்தது. இப்போது, நவம்பர் மழையோடு மழையாக, புது அறிவிப்பு ஒன்றும் வந்தது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்கள் இனி நண்பகல் பன்னிரண்டுக்கு நடக்கும். வெளிநாட்டு ரசிகர்களின் வேண்டுகோளுக்கு இணங்க இந்த ஏற்பாடு.

சனிக்கிழமை நண்பகல் என்றால் சந்தையில் மூச்சுவிட நேரமிருக்காது. கடையை மூடி, கையில் எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிட்டு மைதானத்துக்கு ஓடினால்தான் பெவ்வுக்கு மூன்று மணி ஆட்டமே கிடைக்கும். அவள் ஒருத்திக்கு மட்டுமல்ல, வடக்கு ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு அதே கதைதான்.

"வேண்டுகோளாம்ல! எவன் கேட்டானாம்? பேரச் சொல்லச் சொல்லு பாப்போம்," என்றாள் நெவிலிடம். நெவில் பஸ் ஓட்டுபவன், ரசிகர் சங்கத்தின் தலைவன். பெவ் செயலாளர்.

"இந்தோனேசியாவுல நம்ம டீமுக்கு நாப்பதாயிரம் பேர் இருக்காங்களாம் பெவ்."

"இங்கயே பாதி சீட்டு காலியா கெடக்கு. இதுல நாப்பதாயிரமா? எல்லாம் கம்ப்யூட்டர்ல பெத்துப்போட்ட ஆளுங்க. ரத்தமும் சதையுமா ஒருத்தன்கூட இருக்க மாட்டான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. அந்த வாரமே ரத்தமும் சதையுமாக ஒருவன் வந்து இறங்கினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் மதுக்கூடத்துக்கு ஃபிலிப்பாவே அவனை அழைத்து வந்தாள். "இவர் ஹெந்த்ரோ. இந்தோனேசியாவுல சுரபாயா ரசிகர் மன்றத் தலைவர். நேர மாத்தத்தப் பத்தி ஞாயித்துக்கிழமை நடக்குற கூட்டத்துல அங்க உள்ளவங்க சார்பா பேசப் போறார்." நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பில் கிளப் கொடுத்த புது கோட்டு, கயிற்றில் தொங்கும் துணிபோல ஆடிக்கொண்டிருந்தது. விமான டிக்கெட்டும் ஹோட்டலும் கிளப் செலவு என்று ஃபிலிப்பா பெருமையாகச் சொன்னாள். பெவ்வின் காது அந்த இடத்தில் நிமிர்ந்தது.

ஃபிலிப்பா நகர்ந்ததும் பெவ் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஆரஞ்சு ஜூஸா? சரி. நம்ம டீம் கடைசியா மேல் டிவிஷனுக்கு ஏறுனப்ப யாரு கேப்டன்?"

அவன் சொன்னான். வெற்றிக் கோலை அடித்தவன் பெயரையும், அது எந்தக் காலால் என்பதையும், அந்த ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டவன் பெயரையும் சேர்த்துச் சொன்னான்.

பெவ் நெவிலின் பக்கம் சாய்ந்தாள். "பாத்தியா, நல்லா பாடம் பண்ணி அனுப்பியிருக்காங்க. உன்னையே இப்ப கேட்டா எந்தக் கால்னு சொல்லுவியா?"

"இடது கால்தானே?" என்றான் நெவில் பரிதாபமாக.

"வலது கால் சார்," என்றான் ஹெந்த்ரோ மெதுவாக.

எப்படி இந்த அணி மேல் ஆசை வந்தது என்று கேட்டாள். மகள் பிறந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். சேற்றில் மஞ்சளும் கறுப்பும் போட்ட ஒரு சின்ன டீம், பெரிய டீம் ஒன்றைக் கோப்பை ஆட்டத்தில் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்ததாம். கடைசி விசில் ஊதும்போது நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாளாம்.

விளம்பரத்துக்கென்றே எழுதிய கதைபோல இருந்தது பெவ்வுக்கு. அப்போதுதான் அவன் கோட்டைக் கழற்றினான். உள்ளே ஜெர்சியின் மார்பில், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்புத் துணி சதுரமாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

"அது என்ன ஒட்டு? கீழ வேற டீம் பேரு இருக்கா?"

அவன் முகம் சிவந்தது. "இல்ல பூ பெவ்..."

"என்னது, பூவா?" இந்த மைதானத்தில் எதிரணிக்காரன் பந்தைத் தொட்டால் கூட்டமே 'பூ... பூ...' என்று ஊளையிடும். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னைப் பாத்தா ஊளையிடற?" அவன் ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கேட்காமலே எழுந்து போய்விட்டாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. ஃபோனில் எடுத்திருந்த அவன் படத்தைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டு, மேலே எழுதினாள்: 'கூலிக்கு வந்த ரசிகன். விமானம், ஹோட்டல், கோட்டு எல்லாம் இலவசம். நடிப்பு மட்டும் சுமார்.' ஊர் முழுக்கக் கைதட்டியது. ஒரு நடிகர் ஏஜென்சியில் இவனைப் பார்த்ததாக ஒருவன் சத்தியமே செய்தான்.

மறுநாள் காலையில் கடையில் காட் மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் ஹெந்த்ரோ நின்றான். அந்தக் கோட்டு இல்லை. குளிரில் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"உங்க பதிவ எங்க ஊர்லயும் பாத்தாங்க. என் பொண்ணு ஃபோன் பண்ணினா. 'அப்பா, நீங்க நிஜமாவே காசு வாங்கினீங்களா'ன்னு கேட்டு அழுதா. அவளுக்கு என்ன சொல்லட்டும்?"

பெவ் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "வாங்கினியா?"

"டிக்கெட் கொடுத்தாங்க. நான் நர்சரிக் கடையில செடிக்குத் தண்ணி ஊத்தறவன். சொந்தக் காசுல இந்த மைதானத்த எந்த ஜென்மத்துல பாக்கப் போறேன்? சும்மா கொடுத்தா வருவேன்தான். நீங்க வரமாட்டீங்களா?"

பெவ் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்த ஒட்டு, சூதாட்டக் கம்பெனி பேர மறைக்க. அந்தப் பேரோட சட்டை வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு என் மனைவி தச்சுவிட்டா. எங்க மன்றத்துல எல்லாருமே தச்சுக்குவோம். அப்புறம், 'பூ'ன்னா எங்க பக்கம் மரியாதை. மூத்த பொம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடுவோம்."

"மூத்த பொம்பளையா! அதுக்கு ஊளையே தேவலாம்," என்றாள் பெவ். அவன் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு பாதியில் நின்றது. இதுவும் சொல்லிக் கொடுத்த பேச்சாக இருந்தால்? ஃபிலிப்பா கெட்டிக்காரி. இருந்தாலும் அந்தத் தையலைப் பார்த்தாள். ஒழுங்கில்லாத, கோணல்மாணலான, அவசரக் கைத்தையல். கிளப் ஏற்பாடு செய்திருந்தால் இன்னும் நேர்த்தியாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அன்று ஆட்டத்தில் அவன் மேல்வகுப்பு இருக்கையில் உட்கார்த்தப்பட்டிருந்தான். பெவ் வடக்கு ஸ்டாண்டிலிருந்து ஆட்டத்தைப் பாதியும் அவனைப் பாதியுமாகப் பார்த்தாள். கிளப்பின் கேமராக்காரர்கள் இருவர் அவன் எதிரே குனிந்து, கையைத் தூக்கு, கத்து, சிரி என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்கள். அவனும் பணிவாகக் கையைத் தூக்கினான். 'நடி, நல்லா நடி,' என்று முணுமுணுத்தாள். ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கேமரா அவன் பார்வையை மறைத்தது. ஹெந்த்ரோ இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பிமேல் வயிற்றை அழுத்தி எட்டிப் பார்த்து, வாயை அகலத் திறந்து ஏதோ திட்டினான். பாஷை புரியாவிட்டாலும், நம் இடது பின்காவலனைத்தான் திட்டுகிறான் என்பது பெவ்வுக்குப் புரிந்தது. அவளும் அதே நொடியில் அந்தப் பின்காவலனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவே பதிவை நீக்கினாள். மன்னிப்பு மட்டும் எழுத வரவில்லை.

ஞாயிறு கூட்டத்தில் ஃபிலிப்பா திரையில் புள்ளிவிவரப் படம் போட்டாள். வெளிநாட்டு ரசிகர்களில் பத்தில் எட்டுப் பேர் நேர மாற்றத்தை விரும்புகிறார்களாம். அந்த வருமானம் இல்லாமல் நல்ல ஆட்டக்காரர்களை வாங்க முடியாதாம். ஹாலில் இரைச்சல் எழுந்தது. "ஹெந்த்ரோ, நீங்களே சொல்லுங்க," என்று மைக்கை நீட்டினாள்.

அவன் எழுந்து தொண்டையைச் செருமினான்.

"கிளப்லேர்ந்து எங்களுக்குக் கேள்வி வந்தது உண்மை. நானும் 'ஆமா' போட்டேன். 'உங்களுக்கு வசதியான நேரத்தில் அதிக ஆட்டங்கள் பார்க்க விருப்பமா'ன்னு கேட்டாங்க. யாரு வேண்டாம்பாங்க? எந்த நேரம் வசதின்னு யாரும் கேக்கல. இங்க பன்னிரண்டுன்னா எங்களுக்கு ராத்திரி ஏழு. பாதிப் பேர் கடையில வேலையில இருப்பாங்க, மீதிப் பேர் டிராஃபிக்ல பைக்க உருட்டிக்கிட்டு நிப்பாங்க. இங்க மூணுன்னா அங்க பத்து. வேலை, சாப்பாடு, தொழுகை எல்லாம் முடிச்சு காபிக் கடையில ஒண்ணா உக்காந்து பாக்குறோம். எங்களுக்கு மூணு மணிதான் வேணும்."

"அப்ப பன்னிரண்டு மணி யாருக்குய்யா வசதி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஹெந்த்ரோ தன் மார்பில் இருந்த கறுப்பு ஒட்டைத் தொட்டுக் காட்டினான். "மத்த ஆட்டம் எதுவும் இல்லாத நேரத்துல இது ஒண்ணுதான் ஓடும். பந்தயம் கட்டறவன் இதுலதான் கட்டணும். இது என் சந்தேகம்தான். தப்பா இருந்தா மேடம் சொல்லட்டும்."

மேடம் தண்ணீர் குடித்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பெவ் அவனைப் பிடித்து நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். மைதானச் சுவரில் சாய்ந்து, ஒரே பொட்டலத்தில் மீனும் சிப்ஸும் தின்றார்கள். வினிகரின் காட்டத்தில் அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. "உன் பொண்ணுக்கு ஃபோன் போடு. நானே சொல்றேன்," என்றாள் பெவ். சொன்னாள். அந்தப் பக்கம் சிறுமி கேட்டது ஒரே கேள்வி: "அப்பா ஸ்வெட்டர் போட்டிருக்காரா?"

நேர மாற்றம் கைவிடப்பட்டது. ஊரே கொண்டாடியது. நெவில் மட்டும், "இவ்வளவு சுலபமா விட்டுட்டாங்களே, எனக்கு இது சரியாப் படல," என்றான்.

அவன் சொன்னது பொய்யாகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பு கிளப் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. மைதானச் சுவரில் சாய்ந்தபடி, ஒரே பொட்டலத்தில் கைவிட்டுச் சிரிக்கும் பெவ்வும் ஹெந்த்ரோவும். 'இரண்டு கண்டம், ஒரே குடும்பம்' என்று எழுத்து. அடுத்து, சூதாட்டக் கம்பெனியின் பெயரோடு புது ஜெர்சி.

பெவ் மீன் நாற்றத்தோடே கிளப் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். "யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"மைதான எல்லைக்குள்ள யாரையும் படம் எடுக்கலாம். டிக்கெட் பின்னாடியே போட்டிருக்கு," என்றாள் ஃபிலிப்பா. "கோவிச்சுக்காதீங்க பெவ். இதுவரைக்கும் எந்த விளம்பரமும் இப்படி ஓடினதில்ல. ஜனங்க அழறாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம். அவனுக்குத் தெரிந்திருக்குமோ? கூட்டத்தில் பேசியதே இதற்கான ஏற்பாடோ? நம்மை உருக்கி உட்காரவைத்து... ஹெந்த்ரோவை ஃபோனில் அழைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்:

"பூ பெவ், நீங்க காசு வாங்கினீங்களா?"

"என்னது!"

"இங்க எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. முதல்ல திட்டற மாதிரி திட்டி, அப்புறம் சிப்ஸ் வாங்கிக் கொடுத்து, கேமரா முன்னாடி கொண்டு போய் நிறுத்தினது நீங்கதானே? எங்க மன்றத்தோட இணையப் பக்கத்துல உங்க படத்தப் போட்டு எழுதிட்டாங்க."

"என்னன்னு?"

அவன் தயங்கினான். "'கூலிக்கு வந்த கிழவி'ன்னு."

பெவ்வுக்கு முதலில் ரத்தம் கொதித்தது. எவனோ ஒருவன், கடல் கடந்து, அவளை, இந்த மைதானத்து மழையில் வாழ்நாள் பூராவும் நனைந்தவளை... அந்த வாக்கியத்தை மனத்துக்குள் முடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் இப்படித்தான் ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது.

"நான் வாங்கல ராசா," என்றாள். "அன்னிக்கு உன்னைப் பத்தி எழுதினதுக்கு மன்னிச்சுக்கோ. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவன் கேட்டான்: "நடிப்பு சுமார்னு எழுதினீங்களே, அதுக்கும் சேத்தா?"

"அதுக்கு மாட்டேன். உன் நடிப்பு சுமார்தான்."

மறுநாள் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து அறிவித்தார்கள். அந்தப் படம் போகும்வரை, சூதாட்டப் பெயர் இல்லாத சட்டை வரும்வரை, இங்கேயும் அங்கேயும் ஒருவரும் கிளப் கடையில் ஒரு பொருள்கூட வாங்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் வியாபாரம் படுத்தது. புத்தாண்டில் படம் காணாமல் போனது. மார்பு வெறுமையாக ஒரு சட்டை கடைக்கு வந்தது. அது சுரபாயாவில் அள்ளிக்கொண்டு போயிற்று. கறுப்புத் துணி தைத்துத் தைத்துச் சலித்த வீடுகளில் குழந்தைகளுக்கும் சேர்த்து வாங்கினார்கள். கிளப்புக்கு அதுவரை காணாத வெளிநாட்டு வருமானம். அதற்குக் 'குடும்பச் சட்டை' என்று பெயர் வைத்து, அது தன்னுடைய யோசனை என்று ஃபிலிப்பா பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தாள். பதவி உயர்வும் வந்தது.

"திருட்டு முண்டை," என்றாள் பெவ். ஆனாலும் ஒரு சட்டை வாங்கிக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமை மூன்று மணிக்கு வடக்கு ஸ்டாண்டில் அவள் முன்னிருக்கையின் முதுகில் ஃபோனைச் சாய்த்து வைக்கிறாள். திரையில் காபிக் கடை, புகை, நெருக்கியடித்த முகங்கள், நடுவில் ஹெந்த்ரோ. ஆட்டம் தொடங்குமுன் இருவருமே தலையைத் திருப்பி, தங்களுக்குப் பின்னால் ஒருமுறை நோட்டம் விடுகிறார்கள்.

"அங்க யாரும் படம் பிடிக்கலையே?"

"இல்ல பூ பெவ். அங்க?"

"நெவில் ஒருத்தன்தான் ஃபோனக் கையில வச்சிருக்கான். அவனையும் நம்ப முடியாது. இரு, வாங்கி என் பைக்குள்ள போட்டுக்கறேன்."