முதல்ல காப்பியைக் குடிங்க

என் வீட்டுக்காரர் ரங்கநாதனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் போடும் ஃபில்டர் காப்பி. இன்னொன்று, சொன்ன சொல்லை மாற்றாதவர் என்பது. காப்பியை நானும் ஒத்துக்கொள்வேன். சொல் விஷயத்துக்கு நாங்கள் வீட்டில் வைத்திருக்கும் பெயர் வேறு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதர். இந்த இரண்டு பெருமைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

அன்று எங்கள் ஒரே மகள் அனுப்ரியாவைப் பெண் கேட்டு வருவதாக இருந்தார்கள். பையன் பெயர் ஃபாதி. அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை. ஜோர்டானில் மதாபா என்ற ஊர்க்காரர்கள், இங்கே எங்கள் நகரத்திலேயே சென்ட் லோரன்ட் பகுதியில் குடியிருக்கிறார்கள். அராபியர், ஆனால் கிறிஸ்தவர்கள் என்றாள் அனு. அதெப்படி அராபியரில் கிறிஸ்தவர் என்று இவருக்குச் சந்தேகம். மேல்வீட்டு அம்புறோஸ் அண்ணன், மன்னார்க்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், ஒரே வரியில் தீர்த்துவைத்தார்.

"என்ன தம்பி கதைக்கிறியள்? யேசுநாதரே அந்தப் பக்கத்து ஆள்தானே."

என் வீட்டுக்காரரின் தடை மதமும் இல்லை, நாடும் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நாளைக்கு ஒரு பேரன் பொறப்பான். அவங்க அப்பாகிட்ட அரபி பேசுவான். தெருவுல பிரெஞ்சு பேசுவான். என்கிட்ட வந்து என்னத்தப் பேசுவான்? நான் அவனுக்கு யாரு?"

எனக்கும் அது சுருக்கென்றது. ஆனால் நான் ஃபாதியைப் பார்த்திருந்தேன். ஜான்-டலோன் சந்தையில் அனு அறிமுகப்படுத்தினாள். நான் வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்துப் போட, அவன் பக்கத்தில் நின்று சுண்டுவிரல் அளவுக் காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டில் அப்படித்தான் வாங்குவார்களாம். வெண்டைக்காய் பொறுக்கத் தெரிந்த ஆண்பிள்ளையை நான் இந்த ஊரில் அதற்குமுன் பார்த்ததில்லை. என் ஓட்டு அன்றே விழுந்துவிட்டது.

அப்பாவும் மகளும் கொஞ்ச நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட என் வழியாகத்தான் போகும், வரும். அனு என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "அப்பா வேண்டாம்னா நான் ஓடிப்போயெல்லாம் பண்ணிக்க மாட்டேன்மா. ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்." இவர் மகள் அல்லவா, அவளுடைய முயலுக்கும் மூன்றே கால்.

ஞாயிறு காலையில் டிகாக்‌ஷன் இறங்கும்போதே இவர் தன் திட்டத்தைச் சொன்னார். வருகிறவர்களுக்கு மரியாதையாகக் காப்பி கொடுப்பது. அவர்கள் பேசி முடித்ததும், "யோசிச்சுச் சொல்றோம்" என்பது. இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தமிழர் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதை ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அவங்க ஸ்வீட் ஏதாவது கொண்டு வருவாங்க. அதுல நான் கை நனைக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

எங்கள் ராஜபாளையம் பக்கத்தில் அது பெரிய விஷயம். பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். குடிக்காத காப்பியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போன வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

நான்கு மணிக்கு வருவார்கள் என்று ஜன்னலோரம் நின்றவர், "ஐயையோ" என்று பின்வாங்கினார். எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கார் கதவுகள் திறந்து திறந்து மூடின. கோட்டும் டையுமாக ஆண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் தட்டுகளோடு பெண்கள்.

"ரெண்டு பேர், மூணு பேர் வருவாங்கன்னுதானே சொன்னா? இது என்ன, ஜாதி மாநாடா?"

சமையலறையிலிருந்து அனு எனக்குச் சொன்னாள், அவருக்குக் கேட்கும்படியாக. இதற்கு அவர்கள் ஊரில் ஜாஹா என்று பெயராம். பெண் கேட்கப் பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு வருவார்களாம். கூட்டம் எவ்வளவு பெரிதோ, பெண் வீட்டுக்கு அவ்வளவு மரியாதை. சுருக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஃபாதி கெஞ்சியிருக்கிறான். அவனுடைய பெரிய மாமா எதையும் சுருக்குகிற ஆள் இல்லை போலிருக்கிறது.

அம்புறோஸ் அண்ணனை இவர் எங்கள் பக்கத்துப் பெரியவராக உட்காரக் கூப்பிட்டிருந்தார். அவர் கூட்டத்தைப் பார்த்ததும், "பொறுங்கோ, கோயில் மண்டபத்திலை கதிரையள் கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்" என்று வேனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வாசலில் ஏப்ரல் மாதச் சேற்றோடு பூட்ஸ் குவிந்தது. நடு நாயகமாக அந்தப் பெரிய மாமா உட்கார்ந்தார். வெள்ளை மீசை, கோட்டின்மேல் தங்கக் கரை போட்ட மெல்லிய கறுப்பு அங்கி. அவர் பெயர் அபு எலியாஸ். பக்கத்தில் ஃபாதியின் அப்பா, அபு ஃபாதி. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாருடைய அப்பா என்று அழைப்பதுதான் அங்கே மரியாதை என்று அவரே விளக்கினார்.

"அப்போ நான் அபு அனுவா?" என்று இவர் என் காதில் முணுமுணுத்தார். கிண்டலாகத்தான் சொன்னார்.

காப்பியை இவர் யாரையும் தொடவிடவில்லை. இருந்த இரண்டு ஃபில்டரும் போதாமல் அம்புறோஸ் அண்ணன் வீட்டுப் பாத்திரத்திலும் டிகாக்‌ஷன் போட்டிருந்தார். டம்ளர் தீர்ந்துபோய்ப் பாதிப் பேருக்கு அனுவின் கல்லூரிக் கோப்பைகள். நுரை ததும்பத் தானே ஏந்திக்கொண்டு போய், முதல் டம்ளரை அபு எலியாஸ் கையில் கொடுத்தார்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். தலை குனிந்தார். அப்புறம் டம்ளரைத் தனக்கு முன்னால் மேசைமேல் வைத்துவிட்டார். அவர் வைத்ததும் அத்தனை பேரும் வைத்தார்கள். அண்ணன் கொண்டுவந்த நாற்காலிகளில் இருந்தவர்கள் தரையில்கூட வைத்தார்கள்.

அபு எலியாஸ் எழுந்து நின்று அரபியில் பேச ஆரம்பித்தார். அபு ஃபாதி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல பேச்சு. அவர்கள் முன்னோர் கரக் என்ற ஊரிலிருந்து ஒட்டகங்களோடு கிளம்பி, இடிந்து கிடந்த மதாபாவுக்கு வந்து சேர்ந்த கதை. வீடு கட்டத் தோண்டினால் பழைய தேவாலயத்துத் தரைகள், வண்ணக் கற்களால் மீனும் ஆறும் ஊர்களும் வரைந்த தரைகள் கிடைத்த கதை. வழிப்போக்கனுக்குக் கடைசி ஆட்டையும் அடித்துப் போட்ட தாத்தாவின் கதை. எனக்குப் பிடித்திருந்தது. இவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. டம்ளர்களில் நுரை அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து சமையலறைக்கு வந்தார். நானும் பின்னால் போனேன்.

"பாத்தியா? ஒருத்தன் கை நனைக்கல."

"நல்லதுதானே. நீங்களும் வேண்டாம்னுதானே சொல்லப் போறீங்க?"

"நான் வேண்டாம்கிறது வேற, அவங்க வேண்டாம்கிறது வேற. என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்? இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து, என் வீட்டுல உட்கார்ந்துட்டு, என் காப்பியைக் குடிக்காம எந்திரிச்சுப் போவாங்களா?"

பால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்த அனு திரும்பினாள். "அம்மா, அவங்க காப்பியைக் கீழ வெச்சுட்டாங்களா?" என்று முகம் மாறிக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இவர் மூக்குக்குமேல் கோபத்தோடு கூடத்துக்குப் போய்விட்டார்.

அபு எலியாஸ் அப்போதுதான் பேசி நிறுத்தியிருந்தார். அறையே இவர் முகத்தைப் பார்த்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். காலையிலிருந்து சொல்லிப் பார்த்த வாக்கியம். ஆனால் இவர் கையை நீட்டி, ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"முதல்ல காப்பியைக் குடிங்க."

அபு எலியாஸின் மீசை மேலே ஏறியது. டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். அத்தனை பேரும் எடுத்துக் குடித்தார்கள். வாசல் பக்கம் நின்ற பெண்கள் வாயருகே கையை வைத்து நாக்கைச் சுழற்றி ஓர் ஒலி எழுப்பினார்கள் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது குலவை. எங்கள் ஊர் முளைப்பாரியில் கேட்கிற அதே குலவை. அபு ஃபாதி எழுந்து வந்து இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர் வந்தார். முத்தங்களுக்கு நடுவில் இவர் கண்கள் என்னைத் தேடின.

அனு ஓடி வந்தாள். கொஞ்ச நாளுக்குப்பின் அப்பாவிடம் நேராகப் பேசினாள். "அப்பா, பொண்ணு கேட்டு வந்தவங்க காப்பியைக் கீழ வெப்பாங்க. கேட்டதைக் குடுத்தாத்தான் குடிப்போம்னு அர்த்தம். குடிங்கன்னு பொண்ணோட அப்பா சொன்னா..."

"சொன்னா?"

"சரின்னு அர்த்தம்ப்பா."

நுணலும் தன் வாயால் கெடும். இவர் முகத்தில் ரத்தம் இல்லை. அம்புறோஸ் அண்ணன் மட்டும் நிலைமை புரியாமல், "ஓம் ஓம், நல்ல சம்பந்தம்" என்று பக்கத்திலிருந்தவரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

அபு எலியாஸுக்குப் புரிந்துவிட்டது. அவர் கையை உயர்த்தினார். பெண்கள் நிறுத்தினார்கள். பாதி குடித்த டம்ளரை மறுபடியும் மேசைமேல் வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். அனு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அபு அனு," என்றார் அவர் நிதானமான ஆங்கிலத்தில். அதில் கிண்டல் துளியும் இல்லை. "எங்கள் வழக்கம் தெரியாமல் நீங்கள் சொன்ன சொல்லை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அது திருட்டு. காப்பியை மறுபடி வைத்துவிட்டோம். இப்போது தெரிந்து சொல்லுங்கள். இல்லை என்றாலும் நண்பர்களாகத்தான் போவோம்."

இவர் அந்தப் பெயரைக் கேட்டபடியே நின்றார். அபு அனு. பிறகு மெல்ல ஆங்கிலத்தில் கேட்டார். "பொண்ணுக்கு அப்பான்னா, அவ பேரைச் சொல்லியா கூப்பிடுவீங்க?"

"உங்களுக்கு அவள் ஒருத்திதானே? வேறு யார் பெயரைச் சொல்லி அழைப்பது?" என்றார் அபு எலியாஸ். "நீங்கள் இறந்த பிறகும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்களை அப்படித்தான் சொல்வார்கள்."

இவர் தொண்டையைச் செருமினார். "எங்க ஊர்லயும் பொண்ணு கேட்டுப் போனா, பிடிச்சாத்தான் கை நனைப்பாங்க. பிடிக்கலைன்னா குடிக்க மாட்டாங்க. உங்களுக்கு என் பொண்ணைப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டேன்."

அபு ஃபாதி அதை அரபியில் சொன்னதும் கூட்டம் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. ஃபாதி ஓரத்தில் கழுத்து வரை சிவந்துபோய் நின்றான்.

இவர் குனிந்து அபு எலியாஸின் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். அதை எடுத்துத் தட்டில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கோப்பைகளைப் பொறுக்கினார். குடித்து முடிக்காத காப்பி உள்ளே திரும்பிப் போகிறது. அனு அழ ஆரம்பித்துவிட்டாள். சண்டை போடலாமா என்றுகூட நினைத்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எத்தனையோ முறை போட்டதுதான். ஆனால் சபை.

சமையலறை வாசலில் இவர் நின்று திரும்பினார்.

"பாப்பா, அழாம பாலைச் சுட வை. எல்லாம் ஆறிப் போச்சு. அத்தனை பேருக்கும் புதுசாப் போடணும். ஆறின காப்பியிலயா என் வீட்டுல சம்பந்தம் பண்றது?"

தமிழில் சொன்னதால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை. அபு எலியாஸ் கவலையோடு அம்புறோஸ் அண்ணன் பக்கம் சாய்ந்து, என்ன சொல்கிறார், உண்டா இல்லையா என்று கேட்டார். அண்ணன் தன் ஆங்கிலத்தில் சொன்ன பதில் இவ்வளவுதான்: "சூடாக வேறு காப்பி வருகிறது."

அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெண்கள் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். குலவை எழுந்தது. என்னையும் அறியாமல் நானும் போட்டேன். இந்த நாட்டுக்கு வந்தபின் வாயைத் திறந்து நான் குலவையிட்டதே இல்லை, அடுத்த வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள் என்று பயம். அவர்கள் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். அப்புறம் என் குரலுக்குமேல் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டாவது சுற்றுக் காப்பியை அனு கொண்டுபோனாள். இவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்த தட்டிலிருந்து பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தார். வாயெல்லாம் மாவுச் சர்க்கரை.

"கை நனைச்சுட்டீங்களே" என்றேன்.

"உனக்கென்ன?" என்றபடி இன்னொன்றை எடுத்தார். "அபு அனு ஆயிரம் தின்பான்."